குறுக்கே ஓர் ஆள்

டிப்போவில் அவரைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் மெலிந்தவர் என்பதற்காக அல்ல. நல்ல கனத்த உடம்புதான். அவர் ஓட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டே டீ குடிக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது என்பதால் வந்த பெயர். பெயர் வந்த நாளிலிருந்து கொஞ்சம் தலைக்கனமும் வந்து சேர்ந்தது. வேறு யாராவது சடக்கென்று பிரேக் போடும் சத்தம் கேட்டால், சபையில் எவனோ ஏப்பம் விட்டுவிட்டதுபோல முகத்தைச் சுளிப்பார்.

அப்பேர்ப்பட்ட பஞ்சு இப்போது தெரபி அறைக் கட்டிலில் படுத்து, தன் வலது காலையே வெறித்துக்கொண்டிருந்தார். தேய்ந்துபோன முட்டியை எடுத்துவிட்டுச் செயற்கை முட்டி ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தச் செய்தி காலுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. தொடையை இறுக்கச் சொன்னால் அது தேமேயென்று கிடந்தது.

"இறுக்குங்க சார்."

"இறுக்கிட்டுதான் இருக்கேன் மேடம்."

"பல்லை இறுக்கிட்டு இருக்கீங்க. நான் தொடையைக் கேட்டேன்."

பிசியோதெரபி செய்யும் அம்மாவுக்கு நோயாளிகள் வைத்த பெயர் ஸ்கேல் மேடம். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க, இரண்டு கை வைத்த பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். சிரிப்பைக்கூட அதில் அளந்துதான் வெளியே விடுவார் என்று வராந்தாவில் பேசிக்கொள்வார்கள்.

"சரி, கண்ணை மூடுங்க. கால் மடங்கி நீளறதை மனசுக்குள்ள செஞ்சு பாருங்க."

"நான் என்ன சாமியாரா மேடம்? இதை வீட்டுலயே படுத்துட்டுச் செஞ்சிருப்பேனே."

"வலிக்குப் பயந்து தொடை ஒதுங்கி உட்கார்ந்துடுச்சு சார். மனசுல காலை மடக்கினா, நிஜமா மடக்கறப்ப மூளையில வேலை செய்யற இடம்தான் பெரும்பாலும் வேலை செய்யும். அதை மறுபடி பழக்கணும். பயிற்சிக்குப் பதிலா இது இல்லை, பயிற்சியோட சேர்த்து. அப்புறம், சினிமா மாதிரி தூரத்துல நின்னு பார்க்கக் கூடாது. காலுக்கு உள்ளே இருந்து செய்யணும். பாதத்துக்கு அடியில என்ன படுது, முட்டிக்குப் பின்னாடி எது இழுக்குது, எல்லாம் தெரியணும்."

பஞ்சுவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கண்ணை மூடினார். படுத்த இடத்தில் செய்கிற வேலையை யார்தான் வேண்டாம் என்பார்கள்? வேண்டாவெறுப்பாகத் தொடங்கியவர் கொஞ்ச நாளில் அதில் ருசி கண்டுவிட்டார். தொடை மெல்ல விழித்துக்கொண்டது. நடைச் சட்டத்தைப் பிடித்து நடந்தவர் கைத்தடிக்கு வந்தார், மாடிப்படியில் இறங்கினார். ஸ்கேல் மேடம் அளந்து பார்த்து, "பரவாயில்லை" என்றார். அந்த அறையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

நடப்பது மட்டும் அவருக்குப் போதாது. டிரைவர் சீட் வேண்டும். மறுபடி பஸ்ஸைத் தொடுவதற்கு முன் டிப்போவில் ஒரு சோதனை உண்டு. பஸ் வேகமாக வரும்போது ஆய்வாளர் சிவப்புக் கொடியைச் சட்டென்று இறக்குவார். தரையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வண்டி நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் அவருக்கு வேறொரு நாற்காலி தயாராக இருந்தது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் போட்டு வைக்கும் அறையில். உரிமையாளர் இல்லாத குடைகளுக்கு நடுவே ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்க அவருக்குச் சம்மதமில்லை.

"அப்ப இனிமேல் மனசுல பஸ் ஓட்டுங்க" என்றார் ஸ்கேல் மேடம். "வாய்விட்டுச் சொல்லிட்டே ஓட்டுங்க. நான் கேட்கிறேன்."

பஞ்சுவுக்குக் கேட்கவா வேண்டும்? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, டிப்போ வாசலிலிருந்து கிளம்பினார். சிக்னல், பாலம், பள்ளிக்கூடத் திருப்பம், ஒன்றையும் விடவில்லை. மார்க்கெட் நிறுத்தத்தில் மூட்டையோடு ஏறும் அம்மாவிடம் உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டவர்போல வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேல் மேடம் ஒரு கையை அவருடைய வலது தொடைமேல் வைத்திருந்தார். வழித்தடம் முடிந்து பஞ்சு பெருமையோடு கண்ணைத் திறந்தபோது, மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"பிரேக் எங்கே சார்?"

"எதுக்கு மேடம் பிரேக்?"

"இவ்வளவு நேரம் ஓட்டினீங்க. தொடை ஒரு தடவைகூடத் துடிக்கலை. காலை எடுத்து பிரேக்ல வைக்கவே இல்லையே நீங்க?"

பஞ்சு சிரித்தார். தொழில் ரகசியத்தைச் சொல்வதில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. "நிறுத்தம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடுவேன். வண்டி தானா உருண்டு வந்து நிக்கும். கடைசியில கை பிரேக். பயணிக்கு நின்னதே தெரியாது."

"எப்பவுமே இப்படித்தானா?"

"முட்டி வலி வந்ததுல இருந்து. ஒரு மூணு வருஷம் இருக்கும்."

"அந்த மூணு வருஷத்துல யாராவது குறுக்கே ஓடி வந்திருந்தா?"

பஞ்சுவின் சிரிப்பு நின்றுவிட்டது. டிரைவர்கள் அந்தப் பேச்சைப் பேசுவதில்லை. அதற்குப் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள், 'அது' என்பார்கள். மறந்துபோய் எவனாவது வாயைத் திறந்துவிட்டால் மொத்த ஷிப்டுக்கும் அவன் டீ வாங்கித் தர வேண்டும். நினைத்தால் நடந்துவிடும் என்று ஒரு பயம். நினைப்பதையே வைத்தியமாகத் தரும் அறையில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று இருந்தது அவருக்கு.

"அதை மட்டும் கேட்காதீங்க மேடம்."

"நான் கேட்கலைன்னா கொடி கேட்கும் சார். இப்ப குறுக்கே ஒருத்தர் வரார். பிரேக் போடுங்க."

முதலில் ஒரு நாயை வரவிட்டார். மேடத்தை ஏமாற்ற முடியவில்லை. பிறகு லாரியிலிருந்து விழுந்த மூட்டை. அதுவும் செல்லுபடியாகவில்லை. கடைசியில் முகம் இல்லாத ஓர் ஆளை, மனமே இல்லாமல், சாலையில் இறக்கினார். கால் போகவில்லை. முட்டி வலிக்குமே என்று அது ஒரு கணம் யோசித்தது. வலிக்கிற முட்டியோ அந்த உடம்பிலேயே இல்லை, எடுத்துத் தூக்கிப் போட்டாகிவிட்டது. யோசித்து முடித்துக் கால் பிரேக்குக்குப் போனபோது அந்த ஆள் முன்கண்ணாடிக்குக் கீழே போயிருந்தார்.

பஞ்சு கண்ணைத் திறந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இது புது முட்டியோட குறை இல்லை சார்" என்றார் ஸ்கேல் மேடம். குரலில் கடுமையும் இல்லை, ஆறுதலும் இல்லை. "பழசு சொல்லிக் கொடுத்த பாடம். தினமும் இதையே செய்யுங்க. வண்டி நின்னாத்தான் பயிற்சியை விடணும்."

அன்று மாலை வீட்டுக்குப் பார்க்க வந்தார் கடிகாரம். அவரும் டிரைவர், பஞ்சுவுக்குப் பழைய கூட்டாளி. அவருடைய பஸ் ஒரு நிமிஷம் பிந்தாது என்பதால் அந்தப் பெயர். பழங்களை மேஜைமேல் வைத்துவிட்டு உட்காரும்போது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். பஞ்சுவுக்கு அந்த உட்காரும் விதம் நன்றாகத் தெரியும்.

"உனக்குமா மச்சான்?"

"வலதுதான்" என்றார் கடிகாரம் குரலைத் தாழ்த்தி. "ஆனா கவலை இல்லை. போன வருஷம் நீ சொல்லிக் கொடுத்தியே, அந்த வித்தைதான். முன்னாடியே காலை எடுத்துடறது. ஒரு பயலுக்கும் தெரியாது. பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானும் கத்திக்குப் படுத்துடறேன்."

பஞ்சு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மனைவி டீ கொண்டுவந்தாள். பேச்சு கல்யாணத்துக்குப் போய்விட்டது. சொல்லாமல் விட்டது அவருக்கே பிடிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் பயிற்சி. பிரேக்குக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை, அதன்மேல் பழைய தலையணை. கண்ணை மூடிக்கொண்டு அவர் உதைக்க, மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்தாள். உதை ஒவ்வொரு முறையும் பிந்தியே விழுந்தது. புருஷன் முகம் கறுப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யாரைத்தான் குறுக்கே விடறீங்க?"

"யாரோ ஒரு ஆள். மூஞ்சி கிடையாது."

"மூஞ்சி இல்லாதவனுக்கு யார் பிரேக் போடுவா? என்னை விடுங்க."

"வாயைக் கழுவு!"

"சும்மா மனசுலதானே? எனக்காகவாவது கால் போகுதான்னு பார்ப்போம்."

அவர் மாட்டேன் என்றார். அவள் விடவில்லை. முப்பது வருஷமாக அவள் விட்டதில்லை. கண்ணை மூடினார். அவள் வந்தாள், பை ஒரு கையில், போன் ஒரு கையில், இரண்டு பக்கமும் பார்க்காமல், யாரையோ திட்டிக்கொண்டே. கால் புறப்பட்டது. ஆனாலும் பிந்திவிட்டது.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"என்ன, ஏத்திட்டீங்களா?"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவளுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவள் அதைக் காட்டிக்கொள்ளும் ரகம் இல்லை.

"அடப்பாவி மனுஷா" என்றாள். "சரி, நான் மறுபடி வரேன். இந்தத் தடவை நிறுத்துங்க."

அவள் மறுபடி மறுபடி வந்தாள். அந்த வாரம் முழுக்க அவருடைய மனசுக்குள் சாலையைக் கடந்துகொண்டே இருந்தாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்ப நான் உயிரோட இருக்கேனா?" என்று கேட்பாள். ஒருநாள் தலையணை கிழியும்படி உதை விழுந்தது, சரியான நேரத்தில். தொடை கல்லாக இறுகியது. மனசுக்குள் பஸ் குலுங்கி நின்றது, பயணிகள் எல்லோரும் முன்னால் வந்து விழுந்தார்கள். அவருடைய வாழ்க்கையிலேயே அவ்வளவு மோசமான பிரேக் அவர் போட்டதில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷமும் சமீபத்தில் அவருக்கு வாய்த்ததில்லை.

சோதனை நாளில் கொடி இறங்கியது. பஸ் வெள்ளைக் கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த டிப்போ மேலாளரின் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று மடியில் விழுந்தது. ஆய்வாளர் பஞ்சுவின் கையைக் குலுக்கினார்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "உங்க சர்வீஸ்ல ஒரு கீறல்கூடக் கிடையாது. மத்தவங்க உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்."

பஞ்சு தலையாட்டினார். கடைசி மூன்று வருஷம் அவர் சாமர்த்தியத்தில் ஓடவில்லை. யாரும் குறுக்கே வராததால் ஓடியது. அவ்வளவுதான் விஷயம். அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார்.

முற்றத்தின் அந்தக் கோடியில் கடிகாரம் தன் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். இடது காலை வைத்து ஏறி, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். பஸ் நிறைய ஆட்கள். பஞ்சு வேகமாக நடந்துபோய் ஜன்னலருகே நின்றார்.

"மச்சான், இறங்கு. இன்னிக்கு நீ எடுக்க வேண்டாம்."

"பாஸாயிட்டேன்னு திமிரா? தள்ளு, நேரமாச்சு."

"குறுக்கே யாராவது வந்தா உன் கால் போகாது. எனக்குத் தெரியும். நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

கடிகாரத்தின் முகம் வெளுத்தது. "என்ன பேச்சுடா இது, வண்டி எடுக்கிற நேரத்துல? போ அந்தப் பக்கம்." ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார். இன்ஜின் உறுமியது.

மேலாளரிடம் போய்ச் சொல்லலாம். சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும், கடிகாரமாயிற்றே. அப்படியே சொன்னாலும் அது கூட்டாளியைக் காட்டிக் கொடுப்பதாகும். பஞ்சுவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. அவர் பஸ்ஸுக்கு முன்னால் போய், கண்ணாடிக்கு நேர் கீழே, இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

ஹாரன் அலறியது. கண்டக்டர் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார். பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். பஞ்சு நகரவில்லை. பயமாகத்தான் இருந்தது. கடிகாரத்தின் கால் ஆக்ஸிலேட்டர்மேல் இருக்கிறது என்பதும், அது எவ்வளவு மெதுவாக வெளியே வரும் என்பதும் அந்த முற்றத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கடிகாரம் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். கோபத்தில் குரல் உடைந்தது.

"மூணு வருஷம் நீ ஓட்டினியே! உனக்குக் குறுக்கே எவன்டா வந்து நின்னான்?"

"யாரும் நிக்கலை" என்றார் பஞ்சு. "அதனாலதான் நான் நிக்கறேன்."

கடிகாரம் இன்ஜினை அணைக்கச் சற்று நேரம் பிடித்தது.