பங்காளிக் கிணறும் அழுகிய வெங்காயமும்

நஞ்சப்பனின் வெங்காயக் காட்டில் கொலை நடந்துகொண்டிருந்தது. தாள் மஞ்சளித்துச் சாய்ந்தது. பிடுங்கினால் காய் கொழகொழவென்று கையோடு வந்து நாறியது. கொலைகாரன் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பங்காளி பொங்கியண்ணன்தான்.

மீனாட்சிபுரத்துக்குக் கிழக்கே இருவருக்கும் பொதுவாக ஒரே கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. பொங்கியண்ணன் தன் முறையில் பாதி நாள் மோட்டாரைப் போடுவதே இல்லை. நஞ்சப்பனோ மழை பெய்த மறுநாளும் குடை பிடித்தபடி தண்ணீர் கட்டினார். விட்டால் மிஞ்சுவது பங்காளிக்கல்லவா போகும்? இத்தனை கவனித்த பயிர் அழுகுகிறதென்றால், விஷம் வைக்காமல் எப்படி?

பரிகாரத்திலும் குறை வைக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு மடங்காக அடித்தார். திருஷ்டிக்குப் பூசணிக்காயில் மீசை வரைந்து கம்பில் குத்தினார். அது பொங்கியண்ணனின் மீசை மாதிரியே அமைந்தது தற்செயல் என்றார். தண்ணீரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாமே என்ற மனைவி மருதாத்தாளிடம், அவள் எந்தக் கட்சி என்று கேட்டார்.

இந்தக் காடும் போனால் அடுத்த பட்டத்துக்கு விதை வெங்காயம் கிடையாது. ஆகவே, பொழுது விடிந்ததும் துப்பறியக் கிளம்பி, வரப்போரச் சோளத்தட்டுக்குள் பதுங்கினார்.

வந்தான் பொங்கியண்ணன். கையில் மம்பட்டி. இரு காட்டுக்கும் நடுவரப்பில் குனிந்தான். மண்ணை வெட்டினான்.

"சிக்கிட்டயாடா" என்று பாய்ந்தார் நஞ்சப்பன். உடம்புதான் பாய்ந்தது, கால்கள் வரவில்லை. முழங்கால்வரை சேறு. குப்புற விழுந்தவரின் வாய்க்குள் அவருடைய அழுகல் வெங்காயமே போயிற்று.

பொங்கியண்ணன் பதறாமல் கைகொடுத்துத் தூக்கினான்.

"உங்க தண்ணி எங்காட்டுக்குள்ள எறங்குதுங்ணா. என்ற வெங்காயமும் அழுகீருமேன்னு தெனமும் அணை கட்டீட்டிருக்கறனுங்க." பூசணிக்காயைப் பார்த்தான். "மீச நல்லா வந்திருக்குதுங்க."

அவனுடைய காட்டில் மண் வெடித்துக் கிடந்தது. தாள்கள் விறைப்பாக நின்றன. நஞ்சப்பன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே வடிகால் வெட்டி, அழுகியதைப் பிடுங்கி எறிந்தார். மோட்டாரைத் தொடவில்லை. மண் ஆற ஆற மிச்சப் பாதி நிமிர்ந்தது. விதைக்குத் தேறும். பூசணிக்காய் வேலை செய்துவிட்டதாக ஊரில் சொன்னார்.

ஆனால் தன் முறை வரும் நாளெல்லாம், ஓடாத மோட்டாருக்கு எதிரே கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார், தன் தண்ணீரை எவனும் தொட்டுவிடக் கூடாதென்று. மிஞ்சிய தண்ணீர் விடிந்தால் பங்காளிக்குத்தான் என்பது காவல் மும்முரத்தில் அவருக்கு மறந்திருந்தது; மருதாத்தாளும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் மோட்டாரைப் போட்டுவிடுவார்.