விழா மலரில் வந்த கதை

“ஆறு மாதமாகக் கோமாவில் கிடந்தவனின் புறங்கையில் டாக்டர் நந்தினியின் கண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. அவன் சுண்டுவிரல் அசைந்தது” என்று வாசித்துவிட்டு பரமசிவன் வேண்டுமென்றே நிறுத்தினார். கட்டிலில் கிடந்த மனைவி அம்மிணி திட்டுவதற்கு இடம் விட்டார்.

இந்த மாதிரி இடத்தை அவள் விடவே மாட்டாள். வயிற்றுப் புற்றுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருவனந்தபுரத்தில் சொல்லி, காரோடு கிராமத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு அனுப்பியபிறகு அவளுக்குக் கண் எழுத்தில் நிற்கவில்லை. அன்றிலிருந்து வாசிப்பது அவர் வேலை, திட்டுவது அவள் வேலை. பரமசிவன் அதுவரை டிக்கெட் தவிர வேறெதையும் ஒழுங்காக வாசித்தவரில்லை. நெய்யாற்றின்கரை – காட்டாக்கடை வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காதலையும் கொலையையும் ஸ்டாப் பெயர் சொல்லும் அதே குரலில்தான் வாசிப்பார். அவளுக்கு அது போதும். குரலில் இவர் எதையாவது சேர்த்தால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் தமிழ் மாத நாவல், பாறசாலையிலிருந்து வாரந்தோறும் வரும் மலையாள வாரிகை, இரவல், பழைய பேப்பர்காரனிடம் எடைக்கு எடுத்தது என்று எது கையில் அகப்பட்டாலும் அம்மிணி படித்திருக்கிறாள். எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

துப்பறியும் கதை என்றால், “இந்த இன்ஸ்பெக்டருக்கு வீடுகுடி கெடையாதா? எப்பளும் மழையில நனைஞ்சிட்டு நிண்ணு சிகரெட்டு பத்த வைக்கான். நனைஞ்ச சிகரெட்டு எப்படிப் பத்தும்?” என்பாள்.

காதல் கதை என்றால், “பணக்காரனாம், முன்கோவியாம், உள்ளுக்குள்ள பச்சப்பிள்ளையாம். கெட்டின மூணாம் மாசம் குழம்புல உப்பு கூடிப்போச்சுண்ணு தட்டைத் தூக்கி எறிவான். அதை எழுதமாட்டான்.”

பேய்க்கதை என்றால், “செத்தவளுக்கு எதுக்காக்கும் வெள்ளைச்சேலை? அதை ஆரு வெளுத்துக் குடுக்கது?”

ராஜா கதைக்கு அவள் வைத்திருந்தது ஒரே வரிதான். “குதிரையில ஏறிட்டாரு. இனி அவரு எறங்கதுக்குள்ள எனக்கு உயிரு போயிரும்.”

அவள் அதிகமாகத் திட்டிய புத்தகத்தைத்தான் பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் இரவல் கேட்பார்கள். அந்த அளவுக்காவது அந்த ஊரில் அவளுடைய வாய்க்கு மதிப்பு இருந்தது. ‘இவ்வளவு மோசம்ணா எதுக்குப் படிக்கே?’ என்று ஒருநாள் பரமசிவன் கேட்டதற்கு, “நல்லதைப் படிச்சா வாயை மூடிட்டுல்லா இருக்கணும்” என்றாள்.

இப்போது அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் அசைந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

“கேட்டியா அம்மிணி? கண்ணீர் விழுந்து வெரலு அசையுது.”

“கேட்டேன்.”

“பின்னே?”

“நல்லாருக்கு” என்றாள் அம்மிணி. “மேல படிங்கோ.”

பரமசிவன் புத்தகத்தை மடியில் வைத்தார். காலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாணுலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அம்மிணியின் மூத்த அண்ணன் அவர். சார்பதிவாளர் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். நெற்றி நிறையத் திருநீறும், மடியில் தேவாரப் புத்தகமுமாகத் தினமும் வந்துவிடுவார். கடைசி நேரத்தில் தங்கச்சி காதில் விழவேண்டியது எது என்பது தனக்குத்தான் தெரியும் என்று அவருக்கு எண்ணம்.

“பாத்தியா மாப்பிளே, மனசு கனிஞ்சாச்சு” என்றார். “பகை எல்லாம் விட்டுப்போச்சு. பக்குவமாக்கும் இது.”

பரமசிவன் மைத்துனரைப் பார்த்தார். இந்த மனிதரின் கண்ணீரை நம்பித்தான் பெங்களூரிலிருந்து மகள் இரண்டு தடவை ஓடி வந்தாள். இரண்டு தடவையும் ‘அம்மை போயிருவா மக்கா’ என்று போனில் அழுதது இவர்தான். இரண்டு தடவையும் அம்மிணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, “எதுக்கு வந்தே? கம்பெனியில உன்னை வேண்டாம்ணு சொல்லிட்டானுகளா?” என்று கேட்டாள். போகும்போது பிரசீதா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “இனி ஒரு தடவைதான் எனக்கு வரமுடியும் அப்பா. மாமா விளிச்சா வரமாட்டேன். நீங்க விளிச்சா வாறேன். சரியான நேரம் பாத்து விளிங்கோ. அம்மைக்க முகத்தைப் பாக்காம மட்டும் என்னை ஆக்கிராதீங்கோ.”

சரியான நேரம். அதை எங்கே பார்ப்பது என்று அவளும் சொல்லவில்லை, ஆசுபத்திரியிலும் சொல்லவில்லை.

தீராத நோயில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் தன்யா அப்போதுதான் வந்தாள். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். வீங்கின காலை அமுக்கிப் பார்த்தாள்.

“பிபி ஓகேயாணு அங்கிளே. ரெண்டாழ்ச்சயெங்கிலும் போகும்.”

“இவ இப்பம் ஒரு புத்தகத்தை நல்லாருக்குண்ணு சொன்னா” என்றார் பரமசிவன்.

தன்யா சிரித்தாள். “அது நல்லதல்லே?”

அவள் ஸ்கூட்டர் பைபாஸ் பாலத்துக்கு அடியில் போய் மறைகிறவரை பரமசிவன் வாசல் சிட்அவுட்டில் நின்றார். ரெண்டு வாரம் என்கிறாள். படித்த பெண். கருவி வைத்துப் பார்த்தவள். அவர் உள்ளே போய் அலமாரியிலிருந்து குதிரை படம் போட்ட தடித்த புத்தகத்தை உருவினார். இளவரசன் சந்திர ஒளியில் வாள் வீசும் பக்கத்தை எடுத்து வாசித்தார். ஏழு பேரை வெட்டிவிட்டு இளவரசன் வெண்பா சொன்னான்.

“நல்லாருக்கு” என்றாள் அம்மிணி.

மழையில் நனையும் இன்ஸ்பெக்டரை வாசித்தார். அதுவும் நல்லாருக்கு. வாரிகையில் வரும் தொடர்கதையில் மருமகளுக்குப் பாலில் விஷம் கலக்கும் மாமியாரைக்கூட அவள் நல்லாருக்கு என்றாள். சத்தம் மெலிந்திருந்தது, எரிச்சல் துளியும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாருக்கு ‘உள்ளேன்’ சொல்வதுபோல் சொன்னாள். பரமசிவன் வாரிகையை மூடினார்.

“ஏட்டி அம்மிணி, உண்மையாச் சொல்லு. இதெல்லாம் ஒரு கதையாக்கும்?”

“நல்லா எழுதியிருக்கான்.”

தாணுலிங்கம் தொண்டையைச் செருமினார். தேவாரத்தின் அடியிலிருந்து இன்னொரு புத்தகம் வெளியே வந்தது. கோயில் திருவிழா மலர். எந்தப் பக்கம் என்று தேடாமலே அது தானாக விரிந்தது.

“மாப்பிளே, இதையும் ஒண்ணு வாசிச்சுக் காட்டேன்.”

பரமசிவனுக்குத் தெரியும், அதில் இருப்பது தாணுலிங்கமே எழுதின கதை. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் கனவில் சிவன் வந்து, வீட்டுக்குப் பின்னால் கிணறு தோண்டச் சொல்கிறார். தோண்டுகிறார்கள். லிங்கம் கிடைக்கிறது. ஊர் தாசில்தாரின் காலில் விழுகிறது. மலர் வந்த அன்று அம்மிணி அதைப் படித்துவிட்டு, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கல்யாண வீட்டில் வைத்து, “கிளார்க்கா இருந்தவன் கதையில தாசில்தாராயிட்டான். சிவனுக்கும் சொப்பனத்துல வாறதுக்கு வேற ஆளு கெடைக்கல்ல” என்றாள். தாணுலிங்கம் பந்தியிலிருந்து எழுந்து போனார். அடுத்த பொங்கல்வரை இந்தப் படி ஏறவில்லை.

பரமசிவன் மலரை வாங்கினார். ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். ‘தெய்வ சங்கல்பத்தின் திவ்ய பிரவாகத்தில்’ என்று வந்த இடத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். உதடு கோணவில்லை. கண் திறந்தே இருந்தது. திட்டிவிடு, அம்மிணி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கடைசி வரிக்கு வந்து சேர்ந்தார்.

“நல்லாருக்கு அண்ணா” என்றாள்.

தாணுலிங்கம் வேட்டி நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். வயதான ஆள் இப்படி அழுவதைப் பார்ப்பது அருவருப்பாக இருந்தது. பரமசிவன் போனை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ரப்பர் ஷீட் காயப்போடும் கொடிக்கு அருகே போனார்.

முதல் மணியிலேயே பிரசீதா எடுத்தாள். “அப்பா? மாமா சொல்லியா விளிக்கியோ?”

“இல்ல மக்கா. நானாத்தான் விளிக்கேன்.”

“நர்ஸ் வந்தாளா?”

“வந்தா. கொழப்பமில்ல, ரெண்டு வாரம் போகும்ணா.”

“பின்னே?”

பரமசிவன் கொடியில் தொங்கிய ஷீட்டைப் பிடித்துக்கொண்டார். “உனக்க மாமனுக்க கதையை வாசிச்சேன். நல்லாருக்குண்ணு சொல்லிட்டா.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

“தாசில்தார் கதையா?”

“ஆமா.”

“பாதியில தூங்கிட்டாளா?”

“இல்ல. முழுசும் கேட்டா. கண்ணு தொறந்துதான் இருந்துது.”

நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது.

“மத்தியானம் ஃபிளைட் உண்டு. நான் வாறேன்” என்றாள் பிரசீதா.

வெயில் சாயும் நேரத்தில் டாக்ஸி வந்து நின்றது. தோளில் பையோடு வந்தவளைப் பார்த்துத் தாணுலிங்கம் திடுக்கிட்டார். “எதுக்கு மக்கா இப்பம்? இண்ணைக்குத்தான் அவளுக்கு நல்லாருக்கு.” அவள் அவருக்கு முகம் கொடுக்காமல் உள்ளே போனாள். தலைமுடியைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தாள். பரமசிவன் அவளை வாசலிலேயே பார்த்து, இதற்காவது அம்மிணி வாயைத் திறப்பாள் என்று ஒரு கணம் நம்பினார்.

அம்மிணி மகளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. கையைத் தூக்க முயன்றாள். பிரசீதா குனிந்து தலையைக் கொடுத்தாள். விரல்கள் அந்தக் குட்டை முடியில் ஊர்ந்தன.

“நல்லாருக்கு” என்றாள் அம்மிணி.

“அம்மா, நல்லாப் பாரு. ஆம்பளப்பயல் மாதிரி வெட்டிருக்கேன்.”

“நல்லாருக்கு மக்கா.”

சின்ன வயதிலிருந்து அவள் வரைந்த படம், எழுதிய பரீட்சை, வைத்த குழம்பு, எடுத்த சேலை எதற்கும் கிடைக்காத வார்த்தை அது. பிரசீதா கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எதாவது சொல்லித் திட்டும்மா. கொரங்கு மாதிரி இருக்கேன்லா? சொல்லு.”

அம்மிணி சொல்லவில்லை. சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். பிறகு மூச்சு ஒரு மாதிரி மாறியது. தாணுலிங்கம் தேவாரத்தைத் தலைகீழாகப் பிரித்துத் தடுமாறினார். பரமசிவன் பஞ்சில் பால் தொட்டு அவள் உதட்டில் வைத்தார். மகளும் வைத்தாள். இரண்டாவது சொட்டு உள்ளே இறங்காமல் கன்னம் வழியாகத் தலையணைக்குப் போயிற்று.

விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் ஃப்ரீசர் பெட்டி வந்து முன்னறையில் ஓடத் தொடங்கியது. எரிப்பது காலையில். ஊர் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் தாணுலிங்கம் சிட்அவுட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். “எல்லாத்தையும் நல்லாருக்குண்ணு சொல்லிட்டாக்கும் போனா. எனக்க கதையையும் அப்படித்தான் சொன்னா.” இரவல் புத்தகம் வாங்கின பெண்கள், “ஒரு பொல்லாத சொல்லு கேட்டதில்ல அவ வாயில” என்றார்கள். பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாகக்கூட இல்லை. பரமசிவன் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தாணுலிங்கத்தின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கூட்டம் குறைந்தபோது சொல்வதை நிறுத்திவிட்டார். பெட்டியைப் பார்த்தார். எழுந்து, கட்டன் சாயா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பிரசீதாவிடம் விழா மலரை நீட்டினார்.

“மக்கா, நீ இதைப் படிச்சிருக்கியா?”

“இல்ல மாமா. கேள்விப்பட்டிருக்கேன்.”

“ஒண்ணு படி.”

“இப்பமா?”

“அவ சொன்னது எனக்கு என்னமோ சங்கடமா இருக்கு. நீ படிச்சிட்டுச் சொல்லு.”

பிரசீதா டம்ளர்களைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, விளக்குக்குக் கீழே நின்றபடியே படித்தாள். பக்கம் புரண்டது. பரமசிவன் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்துவிட்டு அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

“மாமா, மொதல் வரியே தேவையில்லாதது.”

அவள் அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

“தாசில்தார் கிணறு தோண்டினாருண்ணு போட்டிருக்கேரு. மம்பட்டி பிடிச்சது ஆரு? அவனுக்கு ஒரு பேரு கூடக் கெடையாதா? நாப்பது அடி தோண்டினவனை விட்டுட்டு ஊரு எதுக்கு கரையில நிண்ணவரு காலுல விழுகு?”

“அது வந்து மக்கா, சிவபெருமான் காட்டின எடமில்லியா…”

“அவருக்குக் காட்டணும்ணா நாலடியில காட்டப்பிடாதா? நாப்பது அடியில கொண்டு ஒளிச்சு வச்சிட்டு சொப்பனத்துல வாறாரு. வேற வேலையில்லியா அவருக்கு?”

 தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகக் கேட்பதற்காக முன்னால் குனிந்தார்.

“பின்னே?” என்றார்.

பிரசீதா பக்கத்தைப் புரட்டினாள். பரமசிவன் உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் பின்னால் போட்டார்.