ஜெயித்தால் மிஸ்டு கால்

இந்த வருஷம் நான் படித்த கல்லூரியின் ஃபுட்பால் டீம் ஆடியதை ஆட்டம் என்று சொன்னால் பந்துக்கே கோபம் வரும். வரிசையாகத் தோல்வி. கோல்கீப்பர் பையன் தலைக்கு ஜெல் தடவுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியைப் பந்தின்மேல் காட்டியிருந்தால், துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் உட்கார்ந்துகொண்டு நான் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் எனக்குச் சொல்கிறவன் சேதுமாதவன். என்னோடு அதே டீமில் ஆடியவன். இப்போது திண்டுக்கல்லில், கல்லூரி மைதானத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நான் இங்கே டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பக்கம் டூட்டி பார்க்கிறேன்.

போன வாரம் பேசும்போது அவன் சொன்ன சேதியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மேட்சிலும் தோற்றால் அடுத்த வருஷத்திலிருந்து டீமே கிடையாது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டாராம்.

"பந்து ஒதைக்கிறவனுக்கு வேலை கெடைக்காதுங்கறாருடா சீலா."

"ஏன், எனக்குக் கெடைக்கலையா?" என்றேன். சூளையின் சூடு நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கேயோ இருக்கிற டீமுக்கு நீ ஏன் உருகுகிறாய் என்று ரூமில் கேட்பார்கள். அந்த டீமில் லெஃப்ட் பேக்காக நின்றபோதுதான் 'ஜெயசீலா' என்று என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். இங்கே சட்டையில் இருக்கும் நம்பர்தான் பெயர். அந்த டீமும் இல்லை என்றாகிவிட்டால் எனக்கு அழுகை வரும். இதைச் சொல்ல வெட்கமில்லை.

மேட்ச் முடிந்ததும் என்ன செய்வது என்று சேதுவிடம் பேசி வைத்திருந்தேன். ஜெயித்தால் மிஸ்டு கால். தோற்றால் கூப்பிட்டுப் பேச வேண்டும். எங்கள் தொழிலாளர் கேம்பில் எல்லோர் வீட்டுக்கும் இதுதான் வழக்கம். மணி அடித்துச் சட்டென்று நின்றால் ஊரில் எல்லோரும் நலம். நாம் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தால் யாரோ படுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். என் ரூமில் இருக்கும் ராக்கப்பனுக்கு அவன் அப்பா போன சேதி அப்படித்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை ரூம்மேட் லுக்மான் ஜும்மா தொழுகை முடித்து வந்து பிரியாணிக்கு அடுப்பு மூட்டினான். ராக்கப்பன் வெங்காயம் அரிந்தான். நான் கட்டிலில் செல்போனை வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. எண் காட்டவில்லை. ஊரிலிருந்து வரும் அழைப்புகளில் பாதிக்கு எண்ணே வராது. நின்றுவிடும், நின்றுவிடும் என்று பார்த்தேன். அது பாட்டுக்கு அடித்தது.

"போச்சு," என்றேன்.

"எடுத்துப் பேசு மாப்ள," என்றான் லுக்மான்.

"எதுக்கு? தோத்துட்டானுங்க. அதை என் காதால வேற கேக்கணுமா?"

மணி ஓய்ந்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி அடித்தது. ராக்கப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் என் வீட்டு நினைவு வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முந்தின நாள் என் மனைவி உமாராணி சொல்லியிருந்தாள். டாக்டரிடம் காட்டுகிறேன், குறைந்ததும் மிஸ்டு கால் கொடுக்கிறேன் என்றிருந்தாள். அந்த மிஸ்டு கால் இன்னும் வரவில்லை.

முருகா, டீம் தோற்றதாகவே இருக்கட்டும் என்று வேண்டினேன். பத்து கோல் வாங்கியதாகவே இருக்கட்டும். டீமே இல்லாமல் போகட்டும். இத்தனை நாள் சோறு தண்ணி இறங்காமல் கவலைப்பட்ட டீமை ஒரு நொடியில் தூக்கிக் கொடுத்துவிட்டு போனை எடுத்தேன்.

"டேய், காது செவுடா? எம்புட்டு நேரம்டா அடிக்கிறது?" சேதுவின் குரல்.

"யாருக்குடா என்ன?"

"யாருக்கா? நமக்குத்தான். ஜெயிச்சுட்டோம்டா."

எனக்கு வந்த கோபத்தில் கட்டிலை விட்டு எழுந்துவிட்டேன். "மிஸ்டு கால்தானடா குடுக்கச் சொன்னேன்," என்றேன்.

"இதை எப்புடிடா மிஸ்டு கால்ல சொல்றது? கடைசி நிமிசத்துல அவனுகளுக்குப் பெனால்ட்டி. நம்ம ஜெல்லுத் தலையன் பாஞ்சு புடிச்சுட்டான். தலை பூரா செம்மண்ணு. வேற யாருகிட்டடா போயிச் சொல்லுவேன்? பேசாத, கேளு."

போனை மைதானத்தின் பக்கம் நீட்டியிருப்பான். மேளமும் விசிலும் கேட்டன. எங்கள் கல்லூரிப் பெயரைப் பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"சரிடா, பேலன்ஸ் தீரப்போவுது. கடைக்குப் போயி மொறையா ஒரு மிஸ்டு காலும் குடுத்துடறேன்," என்றான். லைன் அறுந்தது.

உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. "ஜெயிச்சாச்சு," என்றேன். லுக்மான் கரண்டியால் சட்டியைத் தட்டினான். ராக்கப்பன் மட்டும் சிரிக்காமல் யோசித்தான்.

"எங்க வீட்லயும் சொல்லணும்ணே," என்றான். "நல்லதுக்கும் கூப்புட்டுப் பேசச் சொல்லி."

பிரியாணிக்குத் தம் போட்ட நேரத்தில் மணி ஒருமுறை அடித்து நின்றது. எண் காட்டவில்லை.

"யாரு?" என்றான் லுக்மான்.

சேதுவாக இருக்கலாம். உமாராணியாகவும் இருக்கலாம். திருப்பிக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை. யாராக இருந்தாலும் நல்ல சேதிதான்.