பூசணம் வராத பாத்ரூம்

ஸ்டூல் மேல் ஏறி நின்று, கழுத்தை அண்ணாந்து, கூரை மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் வாளியக்கா. பிளீச்சிங் பவுடர் கரைசல் முழங்கை வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்தது. பூசணக் கறுப்பு போகத்தான் செய்தது. போன வாரமும் இப்படித்தான் போனது. பிறகு மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி அதே மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த விடுதியின் கீழ்த்தள பாத்ரூம்கள் அவள் பொறுப்பு. மழை விட்டாலும் ஈரம் விடாத ஊர். தேய்த்து முடித்ததும் சுவரெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீரை அடித்து ஊற்றுவாள். பெயர் வந்தது அதனால்தான். பிறகு ஒருத்தரும் கால் வைத்துக் கெடுத்துவிடக் கூடாதென்று கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். கதவுகள் சாத்தியே இருக்க வேண்டுமென்பது சூப்பர்வைசரின் உத்தரவும்கூட.

"மாசக் கடைசியில முதலாளி வராரு," என்றார் சூப்பர்வைசர். "இன்னொரு தடவை கறுப்பைப் பார்த்தார்னா வேலையைக் கான்ட்ராக்ட்காரன் கையில தூக்கிக் குடுத்துடுவாரு. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

"தேய்க்காம இருக்கேனா சார்? கையில தோலே உரிஞ்சுபோச்சு."

"கையில உரிஞ்சு என்ன பண்றது? சுவத்துல உரியலையே."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்ரூமுக்குப் போனாள். புருஷன் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. வீட்டில் அடுப்பு எரிவது இவள் கையை நம்பித்தான்.

கடைசி பாத்ரூமின் கதவு ஈரத்தில் உப்பி, சாத்தினால் திறக்க மாட்டேனென்று அடம்பிடித்தது. தச்சர் கழற்றிக்கொண்டு போனார். நாளைக்குத் தருகிறேன் என்றார். அவருடைய நாளை வருகிற வழியாக இல்லை. சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் திரையைத் தொங்கவிட்டார். தங்கியிருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே குளித்தார்கள்.

ஒரு நாள் காலையில் அந்தக் கதவில்லாத பாத்ரூமின் கூரையில் கறுப்பைக் காணாத வாளியக்கா, துணி துவைக்கிறவளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, இங்க நீ தேய்ச்சியா?"

"எனக்கென்ன வேண்டுதலாக்கா? என் துணியே மலையாட்டம் கெடக்கு."

வாளியக்கா சுவரைத் தடவினாள். காய்ந்திருந்தது. பக்கத்துப் பாத்ரூமின் தாழ்ப்பாளை நீக்கினாள். புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. முந்தின நாள் ஊற்றிய தண்ணீர் சுவரை விட்டு இன்னும் போகவில்லை. மூலையில் கறுப்பு புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தது.

"அடிப்பாவி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "தண்ணி ஊத்தி, கதவைப் பூட்டி, நான்தாண்டி இதை வளத்திருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெட்கமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து தேய்த்த பிறகு வாளியைத் தொடவில்லை. வைப்பரால் வழித்து, பழைய துணியால் மூலை முடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தாள். ஆளில்லாத மதிய நேரத்தில் கதவுகளை அகலத் திறந்துபோட்டாள். சூப்பர்வைசர் வந்தால் துணி துவைக்கிறவள் இருமுவாள். இவள் ஓடிப்போய்ச் சாத்துவாள். இருமி இருமி அவளுக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

முதலாளி வந்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். வெளிச்சம் போன இடமெல்லாம் வாளியக்காவின் கண்ணும் போனது.

"பரவால்லையே. என்ன பண்ணீங்க?"

"புது மருந்து சார். நான்தான் விசாரிச்சு வாங்கினேன்," என்றார் சூப்பர்வைசர்.

அப்படியொரு மருந்தை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"சரி, இந்தம்மாவே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு முதலாளி மாடிக்குப் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. பெயரை யார் தட்டிக்கொண்டு போனால் என்ன, வேலை தங்கிவிட்டது. துணி துவைக்கிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சாயங்காலம் உடம்பெல்லாம் பிளீச்சிங் நெடி. குளித்துவிட்டுப் போகலாமென்று வேலையாட்களின் பாத்ரூமுக்கு வந்தாள். மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கிய இடம் அது. ஜன்னல் என்று ஒன்று வைக்கவே இல்லை. தரையிலிருந்து கூரைவரை கறுப்பு அப்பிக் கிடந்தது.

"இதுக்கு என்ன மருந்துக்கா?" என்றாள் கூடவே வந்த துணி துவைக்கிறவள்.

"கதவைத் தொறந்து வைக்கிறதுதான். நீ கொஞ்சம் மறைச்சுப் பிடி."

துணி துவைக்கிறவள் வெளுத்த விரிப்பொன்றை இரண்டு கைகளாலும் அகல விரித்து வாசலை மறைத்து நின்றாள். உள்ளே வாளியக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். தலைக்கு மேலே விருந்தினர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் துணி துவைக்கிறவள் விரிப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.