பரண்மேல் உப்பு

நாலாவது கேக்கைப் பிரித்துப் போட்டபோதுதான் நிறம் கெட்டது. அதுவரை மிக்ஸி ஜாடிக்குள் பால் நல்ல இளஞ்சிவப்பாகத்தான் சுழன்றுகொண்டிருந்தது. கேக்கின் மேல் இருந்த சிவப்புக் கோடுகள் கரைந்து கொடுத்த நிறம் அது. நாலாவதில் பச்சைச் சர்க்கரை கொஞ்சம் தாராளமாகத் தூவியிருந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் சுவர் பூசக் குழைத்து வைத்த மாதிரி ஒரு சாம்பல்.

"அண்ணி, குடிக்கிறதுக்கா, வீடு கட்டுறதுக்கா?" என்றாள் நாத்தனார். பேருந்தில் கண்டக்டர் வேலை பார்க்கிறவள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவள் பேசினாலே கடைசி சீட்டு வரை கேட்கும். முன்னறையில் சக்கர நாற்காலியில் இருந்த அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

லேப்பம்மா ஜாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருப்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். ஒரு கலவை கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று முதலில் யோசிப்பாள், புலம்பல் எல்லாம் அதற்கப்புறம்தான். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த கேக்கை எடுத்துப் பச்சைச் சர்க்கரையை மட்டும் கத்தி முனையால் சுரண்ட ஆரம்பித்தாள்.

கேக்குகள் நேற்றுத்தான் வந்தன. ஆண்டு இறுதி விடுமுறைக்காகக் கேக் தொழிற்சாலையில் நட்சத்திர வடிவத்தில் ஒரு கேக் போடுவார்கள். நடுவில் கிரீம், மேலே வெள்ளைப் பூச்சு, சிவப்புக் கோடு, பச்சைச் சர்க்கரை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பெட்டி உண்டு. அவள் கணவர் அங்கே முப்பது வருடம் இருந்தவர், அதில் பதினெட்டு வருடம் சூப்பர்வைசர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும், கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். மாவு கலக்கும் தொட்டியின் பக்கத்தில் நின்று, சுட்டு வந்த ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. வாயில் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் கேக் நகர்ந்து வருகிற பெல்ட் நிற்கும். கையை இறக்கினால் ஓடும். ஒருமுறை தூக்கிய கையை அவர் இறக்கவே இல்லையாம். இருநூறு தட்டு கேக் பன்றிப் பண்ணைக்குப் போனது. மேனேஜர் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தபோது, "நீங்களே ஒண்ணு தின்னு பாருங்க சார்" என்று ஒரு கேக்கை நீட்டினாராம். மேனேஜர் தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். இந்தக் கதையை அவள் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். கேட்கும்போதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறாள்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு செய்முறை அச்சடித்திருக்கும். விடுமுறைக் கொண்டாட்ட மில்க்‌ஷேக்: ஐந்து கேக், இரண்டு கோப்பை பால், மூன்று கரண்டி ஐஸ்கிரீம், சேர்த்து அடிக்கவும். இத்தனை வருடத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை. "பல்லு இருக்கிறவன் ஏன் கேக்கைக் குடிக்கணும்?" என்று அவர் கிண்டல் செய்வார்.

பல் இப்போதும் இருக்கிறது. பத்து வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கரண்டி நழுவியது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகத் திரும்பி வந்தது. விழுங்குவதுதான் சரியாகத் திரும்பவில்லை. தண்ணீர் மாதிரி ஓடுவது எதுவும் தொண்டையில் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடும். கட்டியாக இருப்பது எதுவும் அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், கூழாக, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் ஒரே கட்டியாக விழுகிற பதத்தில்தான் எதுவும் உள்ளே போக வேண்டும். விழுங்கப் பழக்க வருகிற பெண் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். லேப்பம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். காய்கறி, பருப்பு, பழம் என்று எல்லாவற்றையும் அரைத்து, வடிகட்டி, கரண்டி வைத்துச் சோதித்து, ஒரு வேளைக்கு எத்தனை மில்லி உள்ளே போனது என்று நோட்டில் எழுதினாள். முதல் வாரம் நூற்றைம்பது, நூற்றி எண்பது என்று இருந்த எண் இப்போது நாற்பது, முப்பது என்று வந்து நிற்கிறது. இரண்டு வாய் வாங்குவார், இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். ஒன்பது கிலோ குறைந்துவிட்டது. திங்கட்கிழமை எடை பார்க்கும்போது இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று சனிக்கிழமை.

குழாய் என்ற சொல்லைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கத்தியிருந்தால், அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றே முடிவு பண்ணிவிட்டாரோ என்ற நினைப்பு அன்றிலிருந்து அவளை விடவில்லை.

பெட்டி வந்ததும்தான் இந்த யோசனை வந்தது. கூழைத் தள்ளுகிறவர் தன் கேக்கைத் தள்ளுவாரா? அதுவும் அவருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் இல்லாமல், மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கண்ணாடித் தம்ளரில், ஒரே மேஜையில். அதற்காகத்தான் நாத்தனாரையும் கூப்பிட்டிருந்தாள்.

நாத்தனார் மதியமே வந்துவிட்டாள், கையில் ஒரு டப்பா ஐஸ்கிரீமோடு. சாப்பாட்டில் இரண்டு வாய் வைத்தாள், அண்ணியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், "வழியிலயே சாப்பிட்டேன் அண்ணி" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டாள்.

இப்போது டப்பாவின் மூடியைத் திறந்தாள். "மூணு கரண்டின்னு போட்டிருக்கு. நான் நாலு போடறேன்."

"உள்ள வை அதை."

"ஐஸ்கிரீம் இல்லாத மில்க்‌ஷேக்கா? விடுமுறை நாளும் அதுவுமா?"

"வாய்ல போனதும் உருகித் தண்ணியாயிடும். தண்ணி அவருக்கு ஆகாது."

"அப்ப எனக்கு மட்டும் போட்டுக்கறேன்."

"உனக்கும் கிடையாது," என்றாள் லேப்பம்மா. "இன்னைக்கு அவர் குடிக்கிறதைத்தான் நாமளும் குடிக்கிறோம்."

நாத்தனார் டப்பாவைக் குளிர்பெட்டிக்குள் தள்ளினாள். இரண்டாவது ஈடு சரியாக வந்தது. ஐஸ்கிரீமுக்குப் பதில் ஒரு கேக் கூடுதல், பால் அரைக் கோப்பை குறைவு. சல்லடையில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து இறக்கினாள். பூச்சின் துணுக்குகள் மேலே தங்கின. கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு ஒரே கட்டியாகத் தொப்பென்று விழுந்தது. நிறமும் இளஞ்சிவப்புத்தான். அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

முன்னறை மேஜையில் மூன்று தம்ளர்களை வைத்தார்கள். அவர் தம்ளரைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். பல நாளாக எதையும் அப்படி அவர் பார்த்ததில்லை. அவள் கரண்டியில் எடுத்து நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தானே இடது கையில் கரண்டியை வாங்கிக்கொண்டார். தாடையைத் தாழ்த்தி, சொல்லிக்கொடுத்தபடி, வாய்க்குள் வைத்தார். நாக்கு மெதுவாக அசைவது கன்னத்தில் தெரிந்தது. விழுங்கினார்.

பிறகு தம்ளரைத் தள்ளிவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தவள், நாத்தனார் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் கொட்டிவிட்டாள்.

"என்னதான் வேணும் உங்களுக்கு? இது உங்க கேக்குதானே? நான் அரைக்கிறது பிடிக்கலன்னா பரவாயில்ல, இது நீங்க செஞ்சதுதானே? குழாய்தான் வேணுமா? என்னைத் தனியா விட்டுட்டுப் போகணும்னு இருந்தா சொல்லிடுங்க. தெனம் கிண்ணத்தைத் தள்ளித் தள்ளிச் சொல்ல வேணாம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். இடது கையை மேலே தூக்கினார். பெல்ட்டை நிறுத்துகிற கை அதுவல்ல, அந்த வேலையைச் செய்த வலது கை மடியில் கிடந்தது. ஆனாலும் தூக்கிய விதம் அதேதான். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார், எதையோ கிள்ளித் தூவுகிற மாதிரி. வாய் கோணி, பாடுபட்டு, சொல் வந்தது.

"உப்பு."

நாத்தனார் தன் தம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தாள். "ஆமா. சப்புன்னுதான் இருக்கு. பால் கலந்ததுல கேக்குல இருந்த உப்பு எங்க போச்சுன்னே தெரியல." கொஞ்சம் தயங்கினாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானம் சாப்பாட்டுலயும் உப்பே இல்ல."

"அவருக்கு உப்பு கூடாது. ரத்தக் கொதிப்பு. ஆஸ்பத்திரியில குடுத்த பேப்பர்ல போட்டிருக்கு."

நாத்தனார் எழுந்து போய்க் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். டிக்கெட் எண் வாசிக்கிற குரலில் வாசித்தாள். "உப்பின் அளவைக் குறைக்கவும்." திரும்பினாள். "குறைக்கத்தானே சொல்லியிருக்காங்க?"

லேப்பம்மாவுக்குத் தெரியாதா? நூறு தடவை படித்த காகிதம் அது. அவள் படித்தது வேறு. அன்று காலை அவர் கையிலிருந்து கரண்டி நழுவியபோது தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது அவள் வைத்த உப்புக் கிண்ணம். கல்யாணமான நாள் முதல் அவர் உட்காருவதற்கு முன்னால் அந்தக் கிண்ணம் உட்கார்ந்துவிடும். எதை வைத்தாலும் மேலே ஒரு கிள்ளு போட்டுக்கொள்வார், அவளும் சிரித்துக்கொண்டே நகர்த்தி வைப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே உப்பு ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாள். குறைத்தால் எவ்வளவு குறைப்பது? எந்தக் கிள்ளு அவரைச் சாய்த்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒரேயடியாக நிறுத்தினாள். தன் தட்டிலும் நிறுத்தினாள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவர் பரணைக் காட்டிக் கையை நீட்டினார். கூடாதுங்க என்றாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. புரிந்துகொண்டார் என்று நினைத்து அன்று சந்தோஷப்பட்டாள். நோட்டில் எண்கள் இறங்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான். இருபத்திரண்டு வருடம் கலவைகளோடு பழகியவளுக்கு அது கண்ணில் படவில்லை.

முக்காலியைப் போட்டு ஏறினாள். நாத்தனார் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். பழைய செய்தித்தாள், உடைந்த குடை எல்லாவற்றுக்கும் பின்னால் ஜாடி தூசி படிந்து இருந்தது. கையில் எடுத்தாள். இதைத் திறந்து, மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால்? திறக்காமல், திங்கட்கிழமை குழாய் போட்டுவிட்டால்? இரண்டு பயமும் இரண்டு தோளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டன. முக்காலியின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

"இறங்குங்க அண்ணி," என்றாள் நாத்தனார். முதல்முறையாக அவள் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

லேப்பம்மா மேஜைக்கு வந்து மூடியைத் திறந்தாள். உப்பு கொஞ்சம் கட்டி பிடித்திருந்தது. விரல் நுனியால் உடைத்து, அளந்து பார்த்தால் கால் கரண்டியில் கால்கூட வராத அளவு கிள்ளி, அவர் தம்ளரில் போட்டுக் கலக்கினாள். கரண்டியைச் சாய்த்தாள். கட்டியாக விழுந்தது.

அவர் ஒரு வாய் எடுத்துத் தாடையைத் தாழ்த்தினார். விழுங்கினார். அடுத்த வாய் எடுத்தார். தம்ளரின் சுவரில் இளஞ்சிவப்பு மட்டம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. பாதிக்கு வந்ததும் கரண்டியை வைத்து மூச்சு வாங்கினார். நோட்டு எடுக்கலாம் என்று எழுந்தவளைக் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

ஜாடியைத் தன் பக்கம் இழுத்தார். இன்னும் வேண்டும் என்கிறார் என்று நினைத்து அவள், "போதுங்க, அவ்வளவுதான்," என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. இடது கை விரல்கள் ஜாடிக்குள் போய்த் தடுமாறி ஒரு கிள்ளு எடுத்தன. கை மெதுவாக மேஜையைக் கடந்தது. வழியெல்லாம் உப்பு சிந்தியது. அவர் தம்ளரைத் தாண்டி, இன்னும் தொடாமல் இருந்த அவள் தம்ளரின் மேல் வந்து நின்றது. விரலில் ஒட்டியிருந்த நாலைந்து மணிகள் உள்ளே விழுந்தன.

"நீயும்," என்றார்.

தெரிந்துதான் இருந்திருக்கிறது அவருக்கு. எதிரே உட்கார்ந்து அவள் உப்பில்லாமல் சாப்பிட்ட ஒவ்வொரு நாளும் தெரிந்திருக்கிறது. அவள் தம்ளரை எடுத்தாள். நாக்கில் முதலில் இனிப்பு பட்டது. பிறகு எங்கிருந்தோ அந்த உப்பு வந்தது. இத்தனை வாரத்துக்கு அப்புறம் அது நாக்கின் ஓரத்தைச் சுரீரென்று தொட்டது. விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மேஜைக்கு எதிரே அவர், பெல்ட்டை நிறுத்தி வைத்திருக்கிற மாதிரி, இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.