நிரந்தரக் குடிகள்

ஒரகடம் சாலையை ஒட்டிய அந்தச் சிற்றூர்ப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆள் குறைந்தபோதெல்லாம் இறந்துபோனவர்கள் வந்து வரிசையை நிரப்பினார்கள். ஊர் பின்பற்றிய மத்ஹப் சட்டப்படி ஜும்ஆத் தொழுகை நிறைவேற நாற்பது ஆண்கள் வேண்டும். நிலத்தை விற்றுத் தாம்பரத்துக்கும் பூந்தமல்லிக்கும் போனவர்கள் போக, மீதமிருந்த குடும்பங்களில் அத்தனை பேர் தேறவில்லை. அப்படியான ஒரு வெள்ளிக்கிழமையில்தான் பள்ளியை நிர்வகித்த பழைய முத்தவல்லி பின்புறக் கபர்ஸ்தானில் தன் குழியிலிருந்து எழுந்து வந்து, கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு முதல் வரிசையில் நின்றார். மற்றவர்களும் வந்தார்கள். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சட்டக் கிதாபுகளைப் புரட்டினார். கணக்கில் சேருகிறவர் கோடையிலும் மழையிலும் ஊரைவிட்டுப் போகாத நிரந்தரக் குடியாக இருக்க வேண்டும் என்றிருந்தது. இவர்களைவிட நிரந்தரமானவர்கள் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டுத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

பாங்கு சொல்லும் மோதினார் நூர்தீனின் மகன் அனஸும் அப்படித்தான் வந்தான். காலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் டிரெய்லர் மோதி இறந்தவன். கம்பெனிச் சட்டையோடு அத்தாவின் இடப்பக்கம் தோளுரச நிற்பான், பேசமாட்டான், தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் போய்விடுவான். மதியம் சோறு போடும்போது ஜமீலா புருஷனிடம் கேட்பாள்: "வந்தானா?" வந்தான் என்பார். அதற்குமேல் இருவருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கம்பெனிகள் பெருகின. தென்காசிப் பக்கத்துப் பையன்கள் வாடகை அறைகளில் வந்து நிறைந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளி பிதுங்கியது. இறந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். உயிரோடிருப்பவர்கள் இடமின்றி நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராக ஒதுங்கிப் போனார்கள். கடைசியாக அந்தப் பையன்களில் ஒருத்தன் ஓடிவந்து நூர்தீனுக்கு இடப்பக்கம் நுழைந்தபோது, அனஸ் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். தொழாமலே வெளியே போய்விட்டான்.

அன்றும் வந்தான் என்றுதான் நூர்தீன் வீட்டில் சொன்னார். ஜமீலா கரண்டியைக் கீழே வைத்தாள். "பொய் சொல்ற. புள்ளய எங்க வுட்டுட்டு வந்த?"

அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளூர்க்காரர்கள் நுழைந்ததும் நூர்தீன் வெளிக் கம்பிக்கதவைப் பூட்டினார். "எடம் கெடையாது. படப்பைப் பள்ளிக்குப் போங்க." பையன்கள் வெயிலில் திகைத்து நின்றார்கள். போன முறை இடப்பக்கம் நுழைந்தவன், கடையநல்லூர் மைதீன் பிச்சை, கம்பிகளுக்கு அருகே வந்தான்.

"எங்களை உள்ள விட்டாலும் கணக்குல சேர்க்கப்பிடாது, மோதினாரே. நாங்க வாடகைக்கு இருக்கோம். பெருநாளுக்கு ஊருக்குப் போயிருவோம். கபர்ல இருக்கிற அவங்கதான் நிரந்தரக் குடி. அவங்க நிக்கலேன்னா எங்களுக்கு ஜும்ஆவே கெடையாது."

உள்ளே ஹஜ்ரத்தின் காதிலும் அது விழுந்தது. அவர் உள்ளூர்க்காரர்களை விரல்விட்டு எண்ணினார், நாற்பதில் பாதிகூடத் தேறவில்லை. கூட்டத்தைப் பார்த்து மயங்கி இத்தனை வாரமாக எண்ணவே மறந்திருந்ததில் முகம் வெளுத்து பிரசங்க மேடையான மிம்பரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க வெளிய நிக்கோம்," என்றான் மைதீன் பிச்சை. "அவங்கள உள்ள கூப்பிடுங்க."

நூர்தீனுக்குச் சாவி பூட்டில் நுழையவே இல்லை. பையனே கம்பிக்குள் கைவிட்டு வாங்கித் திறந்தான். அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் கபர்ஸ்தான் பக்கம் போய், பாங்கு சொல்கிற குரலில் கூப்பிட்டார்: "வாங்க. எடம் கீது."

எதிரே பந்தல் சாமான் கடை வைத்திருந்த சாம்சன் யாரும் கேட்காமலே ஷாமியானாவை இழுத்துவந்து முற்றத்தில் கட்டினான், ஜமுக்காளம் விரித்தான். பையன்கள் அதில் வரிசை கட்டினார்கள். பழைய முத்தவல்லி அவர்களுக்கு சலாம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அவர் பின்னால் எல்லோரும் போனார்கள். அனஸ் அத்தாவின் இடப்பக்கம் வந்து நின்றான். சட்டையில் செம்மண் ஒட்டியிருந்தது, நூர்தீன் தட்டிவிட்டார்.

எட்டாவது வரைக்கும் அனஸோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் சாம்சன். பள்ளி ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அனஸ் அப்பிடியே கீறான், பாய்," என்றான் உள்ளே நின்ற நூர்தீனிடம். "எனக்குத்தான் நரச்சிப் போச்சு."

பிறகு பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, குத்பா பிரசங்கத்துக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று கடையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தப் போனான்.