வெள்ளைப் பலகை எந்தப் பக்கம்?

பார்வை வருவதற்காக விழித்திரைக்குள் மின்னணுச் சில்லு பொருத்திய மனிதரைப் பார்க்க அன்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள். போட்டோவில் தான் மட்டுமே விழவேண்டும் என்பதற்காக, வழக்கமாகக் கருவியை மாட்டிவிடும் பெண்ணை வெளியே விரட்டிவிட்டார் டாக்டர். அவரே அந்த மனிதருக்குக் கேமரா வைத்த மூக்குக்கண்ணாடியை மாட்டி, பேட்டரிப் பெட்டியை இடுப்பில் செருகிவிட்டுப் போட்டோக்காரரைப் பார்த்துப் பல்லிளித்தார்.

முன்னாள் டெலிபோன் ஆபரேட்டரான அந்தப் பார்வையில்லாத மனிதருக்கு, கருவியை மாட்டினால் எப்போதும் மினுக்கும் நாலு புள்ளிகூடத் தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தார்.

"நான் கேட்டா மட்டும் பேசுங்க," என்று டாக்டர் அதட்டினார்.

சரி, இந்தக் கூத்தையும்தான் பார்ப்போமே என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வெள்ளைப் பலகை எந்தப் பக்கம்?"

பலகையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த டாக்டரின் புது ஷூ வலப்பக்கம் போய்க் கிறீச்சிட்டது.

"வலது."

அடுத்து இடப்பக்கம் கிறீச்சிட்டது.

"இடது."

ஒன்றுகூடத் தப்பவில்லை. கைதட்டலில் டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா! அந்தப் பொண்ணு கேட்டப்ப பாதிதான் சரியாச் சொன்னாரு. நீங்களே சொல்லுங்க ஆபரேட்டர் சார், எப்படி இருக்கு?"

"பிரமாதம் டாக்டர்," என்று அவர் இடுப்புப் பெட்டியை உருவி நீட்டினார். "இனிமேலும் இப்படியே சுவிட்சைப் போடாமலே மாட்டிவிடுங்க. இப்பத்தான் நல்லாத் தெரியுது."